ஈச்சங்காட்டு ஏற்றத்தில் விட்டுவந்த கல்

செவ்வாய்க்கிழமை காலை சின்னசேலம் ரயில்வே ஸ்டேஷன் எதிரில் டீயைக் கையில் வாங்கியிருந்தேன். போனில் பச்சையம்மாள் பெயர் வந்தது. சடையனின் மனைவி. வழக்கமாக அவன்தான் கூப்பிடுவான். அவன் பேசி முடிக்கும்போது பின்னாலிருந்து “மலைக்கு எப்ப வர்றீங்கண்ணா?” என்று ஒரு குரல் கொடுப்பதோடு அந்தம்மா நிறுத்திக்கொள்வாள். அன்றைக்கு அழுகைதான் முதலில் கேட்டது. “ண்ணா, அவுரு நம்மள வுட்டுட்டுப் பூட்டாருண்ணா” என்றாள். ஜீப்பைக் கழுவ வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டானாம். தூக்கி உட்கார வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டீ அப்படியே ஆறிப்போனது.

வெள்ளிமலை ஜீப் ஸ்டாண்டுக்காரர்களே, பதினாறாம் நாள் ஸ்டாண்டில் நடக்கும் படத்திறப்பில் என்னை நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மைக்கைப் பிடித்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். குரல் நன்றாக உள்ளவர் யாராவது படியுங்கள். இதில் ஒரு விஷயம் பதினோரு வருடமாக நான் யாரிடமும் சொல்லாதது. அது வரும் இடத்தில் கூட்டத்தில் சலசலப்பு எழலாம். அப்போதும் படிப்பதை நிறுத்த வேண்டாம். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவன், இவன் என்று எழுதுகிறேனே என்று யாரும் கோபிக்காதீர்கள். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். ‘அவர்’ என்று எழுதினால் படத்துக்குள்ளிருந்தே சிரிப்பான்.

நான் மலைக்கு வந்தபோது என் தலை நிறையக் கனம் இருந்தது. பதினெட்டு வருடம் லாரி ஓட்டியவன். நாசிக் வரை வெங்காயத்துக்குப் போனவன். மலை கிராமங்களுக்கு மருந்து கொண்டுபோகும் ஒரு தொண்டு நிறுவனத்தில் இரண்டு ஜீப் இருந்தது, உங்கள் ஸ்டாண்டில்தான் நிற்கும். ஒன்றைச் சடையன் ஓட்டினான், இன்னொன்றுக்கு என்னைச் சேர்த்தார்கள். லாரியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஜீப் பொம்மை மாதிரிதானே, இதற்கு ஒரு டிரைவரா என்று மனதுக்குள் நினைத்தேன். முதல் மழையிலேயே ஈச்சங்காட்டுப் பாதையில் சேற்றில் இறங்கினேன். வேகமாகப் போனால் தாண்டிவிடலாம் என்று ஆக்சிலேட்டரை ஒரே மிதி. நாலு சக்கரமும் சுற்றியது, வண்டி மட்டும் நகரவில்லை. மிதிக்க மிதிக்க அச்சு வரை புதைந்தது. பின்னால் வந்த சடையன் இறங்கினான், குனிந்து என் டயரில் காற்றைப் பிடுங்க ஆரம்பித்தான்.

“டேய், இன்னாடா பண்ற? வேலைக்கு உலை வைக்கிறியா?” என்று கத்தினேன்.

“கத்தாதண்ணா. காத்து ஜாஸ்தி இருந்தா டயரு வழுக்கும். கம்மி பண்ணா பரவிக்கினு நிக்கும்” என்றான்.

நாலு டயரிலும் பாதிக் காற்றை விட்டுவிட்டு, லோ கியரில், ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் வண்டியை வெளியே கொண்டுவந்தான். எறும்பு ஊர்கிற வேகம்தான். அதற்கப்புறம் கெட்டித் தரையில் நிறுத்தி, தன் வண்டியிலிருந்து கால் பம்பை எடுத்து நாலு டயருக்கும் அவனே காற்று அடித்தான். நான் அடிக்கிறேன் என்றதற்கு, “நீ லாரிக்காரு, களைச்சிருப்ப” என்றான். உள்குத்தோடுதான் பேசினான், எனக்கும் புரிந்தது. அன்றைக்கே அவனைப் பிடித்துப்போயிற்று. ஆனால் அதை வெளியே காட்டிக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

கட்டைவிரல் கதை உங்களில் சிலருக்குத் தெரியும். ஸ்டீரிங்கை நான் லாரியில் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடிப்பேன், விரல் உள்ளே சுற்றியிருக்கும். ஒரு நாள் முன்சக்கரம் பாறையில் மோத, ஸ்டீரிங் தானாகத் திரும்பிக் கம்பி வந்து விரலில் அடித்தது. உயிர் போய் வந்தது. ஒரு மாதம் சோற்றைப் பிசைய முடியவில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டுச் சடையன் சொன்னது இதுதான்: “கட்டிப் புடிச்சிக்கினு ஓட்றதுக்கு அது இன்னா உன் பொண்டாட்டியாண்ணா? வெரல வெளிய வெச்சி, சும்மா தாங்கிக்கினு போ. வண்டி கொஞ்சம் ஆடத்தான் செய்யும், ஆடட்டும் வுடு.” எங்களோடு முகாமுக்கு வருகிற நர்சம்மா பக்கத்தில் இருந்தார். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு வலியே மறந்துபோயிற்று.

இறக்கத்தில் அவனோடு உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும், பிரேக்கையே தொட மாட்டான். லோவில் ஒன்றாம் கியரைப் போட்டு இரண்டு காலையும் எடுத்துவிடுவான். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் கதவைத் திறந்து குதிக்கத் தயாராக இருந்தேன். “எஞ்சினே புடிச்சிக்கினு எறங்கும்ணா. நீ பிரேக்க மிதிச்சா சக்கரம் நின்னுடும், வண்டி நிக்காது” என்றான். ஈர மண்ணில் அது எவ்வளவு நிஜம் என்பதைப் பிறகு நானே ஒரு முறை பிரேக்கை மிதித்துத் தெரிந்துகொண்டேன். அந்த முறை என்னைத் தாங்கியது ஒரு நெல்லி மரம்.

அவனிடம் எனக்கு எரிச்சல் ஊட்டிய பழக்கம் நடப்பதுதான். கெட்ட இடம் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, முதலில் நடந்து பார்த்து வருவான். ஓடையில் முழங்கால் தண்ணீர் ஓடினால் ஒரு குச்சியோடு அக்கரை வரை போய் வருவான். நேற்றுத்தான் அதே ஓடையைத் தாண்டியிருப்பான், இன்றைக்கும் நடப்பான். வண்டியில் ஜுரக்காரர்கள் முனகிக்கொண்டிருப்பார்கள், நான் ஹாரன் அடிப்பேன். திரும்பி வந்து நிதானமாகச் சொல்வான்: “கண்ணு பாக்கறது தண்ணிய. தரைய காலுதான் பாக்கணும்.” ஒரு ஐப்பசியில் அப்படி நடந்து போனவன் நடு ஓடையில் இடுப்பு வரை இறங்கினான். முதல் நாள் இருந்த தரை அங்கே இல்லை, வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. எங்கள் இரண்டு வண்டியிலும் சேர்த்துப் பதினாறு பேர் இருந்தோம். அதற்கப்புறம் நான் ஹாரன் அடிக்கவில்லை.

இனி கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் என்பது பேருக்கு ஒரு கம்பி. ஏற்றத்தில் ஆள் ஏற்ற நிறுத்தினால் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் வைத்தே ஆக வேண்டும். ஆனால் வண்டி கிளம்பிய பிறகு அந்தக் கல்லை எடுக்க நிறுத்தினால், மறுபடி இன்னொரு கல் வைக்க வேண்டும். அதனால் எல்லோரும் கல்லை நடுப்பாதையிலேயே விட்டுவிட்டுப் போவோம். மலையில் அப்போது அதுதான் வழக்கம், யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. சடையன் ஒருவன்தான் வேறு மாதிரி. சமதரை வரும் வரை ஓட்டி, அங்கே நிறுத்திவிட்டு, ஏறி வந்த தூரமெல்லாம் இறங்கி நடந்து, கல்லை ஓரத்தில் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப ஏறி வருவான். “இன்னாடா, கல்லுக்கு டாட்டா காட்டப் போறியா?” என்று கேட்பேன். “நாம வெச்சது நாமதான்ணா எடுக்கணும். பின்னால வர்றவனுக்குத் தெரியுமா?” என்பான். அவன் என்னைக் கிண்டல் செய்ய ஒரு காரணம் வைத்திருந்தான். என் வண்டியின் இடது பின்சக்கரத்தில் எண்ணெய்க் கசிவு. நான் நின்ற இடத்திலெல்லாம் கறுப்பாகச் சொட்டியிருக்கும். “அண்ணன் எங்க போனாருன்னு போன் பண்ணிக் கேக்க வேணாம், மோந்து பாத்தாவே போதும்” என்பான்.

அன்றைக்கு எனக்கு அவசரம். நைனார்பாளையத்திலிருந்து என் மகளைப் பெண் பார்க்கச் சாயங்காலம் வருவதாக இருந்தார்கள். ஈச்சங்காடு பள்ளத்தில் இருக்கிற ஊர், திரும்பும்போதுதான் ஏற்றம். மருத்துவ முகாம் முடிந்து ஏறி வரும்போது வளைவில் ஒரு பெரியவர் கை காட்டினார். நிறுத்தி, கல் வைத்து, அவரை ஏற்றிக்கொண்டேன். தூறல் பிடித்திருந்தது. சமதரைக்கு வந்ததும் நர்சம்மா, “கல்லு அப்படியே இருக்குதே” என்றார். “எவனாவது எடுப்பான்மா” என்றேன். நான் சொன்ன வார்த்தை அதுதான், அட்சரம் மாறவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் சடையன் தன் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு இறங்கினான். அவனுக்கு ஈச்சங்காடுதானே ஊர். மஞ்சு இறங்கி வழி மறைந்திருந்தது. வளைவு திரும்பியதும் கல். வண்டி மேலே விழுந்து இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

ஆமாம், அந்தக் கல்லை வைத்தது நான். எடுக்காமல் வந்ததும் நான்.

என் வீட்டில் அப்போது மாப்பிள்ளை வீட்டார் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போனில் “சடையன் உழுந்துட்டான், ஈச்சங்காட்டு வளைவுல” என்று கேட்டபோதே எந்தக் கல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவனைத் தூக்கியவர்கள் வராந்தாவில் சொன்னார்கள்: அவ்வளவு வலியிலும், “மொதல்ல அந்தக் கல்லத் தூக்கிப் பள்ளத்துல உருட்டுங்கடா” என்றானாம். அடுத்து வருபவர் விழக் கூடாதே என்கிற நல்ல மனசு என்று அவர்கள் மெச்சினார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் ஓரமாகத் தள்ளினாலே போதுமே, பள்ளத்தில் ஏன் உருட்டச் சொன்னான்? அந்தக் கல்லில் என் வண்டி எண்ணெய் இருந்தது. அதன் பக்கத்திலேயே அரைமணி நேரம் விழுந்து கிடந்தவனுக்கு அந்த வாசனை தெரியாமலா இருக்கும்? உள்ளே போனேன். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, “பொண்ணு பாத்தாங்களாண்ணா? புடிச்சிருச்சா?”

புடிச்சிருச்சு என்றேன்.

அன்றைக்கே சொல்லியிருந்தால் நாலு திட்டோடு போயிருக்கும். நான் சொல்லாததால் பழி வேறு ஒருவன் மேல் விழுந்தது. மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்ற மினி லாரியில் மேலே வந்துபோய்க்கொண்டிருந்த களமருதூர் மூர்த்தியை நினைவிருக்கிறதா? கீழ்நாட்டு லோடுக்காரனுக்குத்தான் மலைப்பாதையின் அருமை தெரியாது என்று நாம் எல்லோரும் சேர்ந்து தீர்மானித்தோம். ஸ்டாண்டில் அவன் சட்டையைப் பிடித்தோம். ‘நாம்’ என்று எழுதுவதுகூட எனக்குச் சௌகரியமாகத்தான் இருக்கிறது. நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். என் கை அவன் சட்டையில் படவில்லை, அவ்வளவுதான். “மூர்த்தி இல்லடா, அவன் வண்டி அன்னிக்கு மேலயே வரல” என்று படுக்கையிலிருந்தே சடையன் சொல்லியனுப்பினான். யார் கேட்டோம்? மூர்த்தி மலைக்கு வருவதையே விட்டுவிட்டான்.

நாலாவது மாதம் சடையன் கோல் ஊன்றிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தான். கையில் ஒரு துணிப்பை. என் ஜீப்புக்குப் பின்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பையிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்துக் கொடுத்தான். சக்கரத்துக்கு அடியில் பொருந்துகிற மாதிரி ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய வேங்கைக் கட்டை. தலையில் ஓட்டை போட்டு, இரண்டு ஆள் நீளத்துக்குக் கயிறு கட்டியிருந்தான்.

“கயித்த நீளமா வுட்ருக்கேண்ணா. பின்னால கொக்கியில மாட்டிக்க. வண்டி கெளம்பனா அதுவா பின்னாடியே வந்துடும். நீ எறங்கத் தேவையில்ல” என்றான்.

படுத்துக்கிடந்த மாதங்களில் செதுக்கியது. ஸ்டாண்டில் அப்போது பதினோரு ஜீப் நின்றது. கட்டை ஒன்றுதான், அது எனக்கு. தலை கவிழ்ந்து வாங்கிக்கொண்டேன். “நல்லாருக்குடா” என்றேன். அவன் விந்தி விந்தித் தன் வண்டிப் பக்கம் போனான். கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டதால் கிளச் பெடலில் ரப்பர் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தான்.

ஓட்ட முடிந்தது, முன்னால் நடக்க முடியவில்லை. வழுக்குப் பாறையிலும் ஓடையிலும் கோலோடு எப்படி இறங்குவான்? அதனால் நான் நடந்தேன். என் வண்டியை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அவன் வண்டிக்கு முன்னால் நடந்து தரை பார்த்துச் சொன்னேன். “அண்ணன் சடையனுக்குக் கிளீனரா சேந்துட்டாரா?” என்று நீங்கள் சிரித்தீர்கள். நட்பு என்றால் இதுவல்லவா என்று சிலர் மேடையில்கூடப் பேசினீர்கள். அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன். நான் வேலையிலிருந்து நிற்கும் வரை ஐந்து வருடம் அப்படி நடந்தேன். பொய் சொல்லக் கூடாது, அந்த ஐந்து வருடம்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல காலம். வெறும் காலில் ஈர மண் படும். பின்னால் அவன் வண்டி லோவில் உறுமிக்கொண்டு வரும். “சோத்தாங்கைப் பக்கம் ஒடி சடையா” என்பேன். கேள்வி கேட்காமல் ஒடிப்பான். தன் கால் முறியக் காரணமானவன் சொல்லைக் கேட்டு ஒரு ஜீப் நிறைய ஜனத்தை அவன் இறக்கினான்.

ஒரே ஒரு முறை சொல்லப் பார்த்தேன். கோமுகி அணைப் பக்கம் வண்டிகளை நிறுத்திவிட்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். “சடையா, அன்னிக்கு அந்த வளைவுல...” என்று ஆரம்பித்தேன்.

“என்கிட்ட எதுக்குண்ணா சொல்ற? நான்தான் அங்க இருந்தனே” என்று சிரித்தான். ஒரு கைப்பிடி கடலையை என் பக்கம் தள்ளினான்.

மன்னித்துவிட்டான், விஷயம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்படி எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

அடக்கத்துக்கு வந்த அன்று ஷேர் ஜீப்பில் ஏறினேன். ஓட்டியவருக்கு முப்பது வயது இருக்கும், எனக்கு அவரைத் தெரியாது. ஏற்றத்தில் ஆள் ஏற்ற நிறுத்திக் கல் வைத்தார். சமதரை வந்ததும் வண்டியை நிறுத்தினார், இறங்கிப் போனார், கல்லை ஓரத்தில் போட்டுவிட்டு வந்தார். எதற்குப்பா என்று கேட்டேன். “இங்க எல்லாரும் அப்டித்தாங்க” என்றார். எனக்கு அழுகை அங்கேதான் வந்தது, வீட்டு வாசலில் அல்ல.

வீடு திரும்பியதும் மூர்த்தியின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். இப்போது களமருதூரில் சொந்த நிலத்தில் நெல் வைத்துக்கொண்டிருக்கிறான். நான் பேரைச் சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டான். சடையன் தவறிப்போனதைச் சொன்னேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, “மூர்த்தி, அந்தக் கல்லு நான் வெச்சதுப்பா” என்றேன்.

“தெரியும்ணா” என்றான். “அவுரு எழுந்து நடக்க ஆரம்பிச்சதுமே பஸ் ஏறி எங்க வூட்டுக்கு வந்தாரு. கோல ஊனிக்கினு. உன் மேல தப்பு இல்ல, ஊருக்கார பசங்க பண்ணதுக்கு நான் மன்னிப்பு கேக்கறேன்னாரு. யாருன்னு கேட்டேன். எங்க அண்ணன்னாரு. எனக்குக் கோவம் வந்து, நான் மேல வந்து நாலு பேரு முன்னால கேக்கறேன்னு எகிறனேன். வேணாம் மூர்த்தி, அவரே ஒரு நாளு ஸ்டாண்டுல நின்னு சொல்வாரு, நீ முந்திக்காதன்னாரு. அதான்ணா நான் வரல.”

என்கிட்ட எதுக்குண்ணா சொல்ற என்று அவன் அணைக்கட்டில் கேட்டது அப்போதுதான் எனக்கு விளங்கியது. யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை அவன் அன்றைக்கே சொல்லிவிட்டான். நான் கடலையைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினோரு வருடம் அவன் என்னை நம்பிக் காத்திருந்திருக்கிறான், ஒரு முறைகூட அவசரப்படுத்தவில்லை.

படத்திறப்புக்கு மூர்த்தியை வரச் சொல்லியிருக்கிறேன், வருகிறேன் என்றிருக்கிறான். ஸ்டாண்டுக்காரர்கள் அவனுக்கு முன்வரிசையில் நாற்காலி போடுங்கள். சட்டையைப் பிடித்தவர்கள் அவரவர் மனசுப்படி செய்யுங்கள். நான் அவன் பக்கத்தில்தான் நிற்பேன். திட்டுகிறவர்கள் திட்டலாம்.

சடையனிடமிருந்து எனக்கென்று நிற்பவை இவைதான். ஸ்கூட்டர் ஓட்டினாலும் கைப்பிடியை இறுக்க மாட்டேன். தெரியாத தண்ணீரில் நடந்து பார்க்காமல் இறங்க மாட்டேன். வேங்கைக் கட்டை என் வீட்டில் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று அதைக் கேட்டிருந்தீர்கள். அன்றைக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவேன். கயிறு இத்துப்போய்விட்டது, ஆனால் அதை மாற்றவில்லை. அவன் போட்ட முடிச்சு அதில் இன்னும் இருக்கிறது.

சடையா, ஸ்டாண்டில் நின்று சொல்லிவிட்டேன். உன் காது கேட்கும்போது சொல்லியிருக்க வேண்டும்.